ஒரே எண்ணில் இரண்டு பேர்

போன வாரம் நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருத்தி, "மேடம், சர்வீஸ்ல நீங்க பண்ணின பெரிய தப்பு எது?" என்று கேட்டாள். நான் காபி கலக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நீங்கள் போன பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வாயால் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும் என்று தெரியும். மற்ற இருவர் படித்துக் காட்டுங்கள்.

பேக்கப் எப்படி எடுப்பது, ரீஸ்டோர் எப்படிச் செய்வது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்லிக்கொடுக்க அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்கள். ரீஸ்டோர் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது நான் புதியவள் இல்லை. இருபத்து மூன்று வருஷம் இந்த வேலையில் கழித்திருந்தேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் செய்த தவறை ஒரு புதியவர் செய்திருக்க மாட்டார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தால் புதியவர் பயந்துபோய் யாரையாவது கூப்பிடுவார். நான் பயப்படவில்லை.

நம் வாடிக்கையாளர்களில் ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. ரத்தம், சிறுநீர், கட்டியிலிருந்து ஊசியில் எடுத்த துளி என்று எல்லாவற்றையும் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பவர்கள். தலைமை இடம் செம்பூரில், நம் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். மாட்டுங்காவில் ஒரு கவுண்ட்டர் உண்டு. தாராவி ஜனங்கள் பெரும்பாலும் அங்கேதான் வருவார்கள். தேவ்நார், சான்பாடா பக்கத்தவர்கள் செம்பூருக்கு வருவார்கள்.

அவர்களுடைய சர்வர் பழையதாகிவிட்டது. புதியது வாங்கி வைத்தாயிற்று. கூடம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பழையதிலிருந்து பேக்கப் எடுத்துப் புதியதில் ஏற்றுவது என் வேலை. புதிய சர்வரில் ஒரு மாதத்துக்கு முன் சோதனைக்காக நானே ஏற்றி வைத்த நகல் ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டு ஆரம்பித்திருக்கலாம். ஆனால் எதையும் அழிக்காதே, ஓரமாக நகர்த்தி வை என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். நோயாளிகள், ரிப்போர்ட்டுகள் என்று தரவு இருந்த எல்லா டேபிள்களின் பெயருக்குப் பின்னாலும் 'பழையது' என்று ஒட்டிவிட்டு, அதே இடத்தில் புதிய பேக்கப்பை ஏற்றினேன். ஜாக்கிரதையாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

ஏறி முடிந்தது. திரையில் பதினேழு சிவப்பு வரிகள். எல்லாமே ஒரே மாதிரி. இந்தப் பெயரில் ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் ஏற்கெனவே இருக்கிறது, இந்தப் பெயரில் ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் ஏற்கெனவே இருக்கிறது.

கன்ஸ்ட்ரெயின்ட் என்பது தரவுக்கு நாம் போடும் கட்டுப்பாடு என்று உங்களுக்குத் தெரியும். ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது, பதிவில் இல்லாத ஆளுக்கு ரிப்போர்ட் இருக்கக் கூடாது என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரும் ஒரு தரவுத்தளத்துக்குள் இரண்டு முறை வரக் கூடாது. டேபிளின் பெயரை நாம் மாற்றினாலும் அதன் மேல் இருக்கும் கட்டுப்பாடு தன் பெயரை மாற்றிக்கொள்ளாது. ஆகவே என் புதிய டேபிள்கள் வந்து அதே பெயர்களைக் கேட்டபோது, அந்தப் பெயர்களைப் பழைய டேபிள்கள் பிடித்துக்கொண்டிருந்தன. கட்டுப்பாடுகள் ஏறவே இல்லை. தரவு மட்டும் முழுதாக ஏறிவிட்டது.

இவ்வளவையும் அன்றைக்கே என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். தெரியாததால் வந்த தவறு இல்லை இது. ஒரே ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் இதே செய்திதான் வரும். அப்போது அதற்கு ஒரு கெடுதலும் கிடையாது. நூறு தடவை பார்த்திருக்கிறேன். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று படித்தேன். இருக்கிறதல்லவா, நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எதன் மேல் இருக்கிறது என்று கேட்கவில்லை. பழையதிலும் புதியதிலும் தரவு வரிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், ஒத்துப்போனது. நாலு திரைகளைத் திறந்து பார்த்தேன், திறந்தன. மேலாளருக்கு முடிந்தது என்று செய்தி அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு கோமதி என்னைக் கூப்பிட்டாள்.

கோமதி மாட்டுங்கா கவுண்ட்டரில் இருந்தவள். பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். எனக்கு அவளை அவ்வளவாகத் தெரியாது. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று இரண்டு தடவை பேசியிருக்கிறாள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்தேன்.

"மேடம், நேத்து எங்க தெரு சுயம்பு அண்ணாச்சிக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். கழுத்துல கட்டிக்கு ஊசி டெஸ்ட். ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு. இன்னைக்கு அதே நம்பர்ல, அதே பேர்ல இன்னொண்ணு பிரிண்ட் ஆகி வந்து நிக்கி. இதுல அப்படி இல்ல மேடம்."

என்ன இருக்கிறது என்று கேட்டேன். குரலைத் தணித்துக்கொண்டு படித்தாள். புற்றுநோய் என்கிற சொல் அதில் இருந்தது.

அவள் அந்த மனிதரைத் தெருவில் தினமும் பார்ப்பவள் என்பதால்தான் இது கண்ணில் பட்டது. வேறு யாருடைய தாளாக இருந்தாலும் உறையில் போட்டு வைத்திருப்பாள், அவளே பிறகு என்னிடம் அப்படிச் சொன்னாள்.

நான் போனைப் பிடித்தபடியே கூடத்துக்கு நடந்தேன். நடக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரே நொடியில் இரண்டு பேர் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணை எடுத்துக் கொடுக்கும். எப்போதுமே அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வருவதைக் கட்டுப்பாடு தள்ளிவிடும், மென்பொருள் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். தினம் இரண்டு மூன்று தடவை யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த காரியம் அது. திங்கட்கிழமையிலிருந்து தள்ளிவிட ஆள் இல்லை.

கூடத்தின் தலைமை டாக்டர் ஒரு மராத்தி அம்மா. அவரிடம் நின்றுகொண்டே சொன்னேன். அவர் உடனே இரண்டு கவுண்ட்டர்களையும் நிறுத்தச் சொன்னார். பிறகு நேரே உள்ளே போய் ஊசித் துளியைத் தடவி வைத்த, அந்த எண்ணுள்ள கண்ணாடித் துண்டுகளைத் தேடி எடுத்தார். நல்ல வேளையாக அவற்றில் எண்ணோடு ஆளின் பெயரையும் பென்சிலால் எழுதும் பழைய வழக்கத்தை அவர் விட்டிருக்கவில்லை. அந்த எண்ணில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சுயம்புலிங்கம், தாராவி. மற்றது சான்பாடாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இரண்டு பேருக்கும் கழுத்தில்தான் கட்டி, இரண்டு பேருக்கும் ஒரே வகைச் சோதனை. டாக்டர் மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் இல்லை. சுயம்புலிங்கத்துக்குத்தான் இருந்தது.

முதலில் பதிவானது அந்த ஆசிரியை அம்மாளின் முடிவு. அது சுயம்புலிங்கத்தின் பெயரில் அச்சாகி, புதன்கிழமை அவர் கையில் போனது. பிறகு சுயம்புலிங்கத்தின் முடிவு அதன் மேலேயே பதிவாகி, மாட்டுங்காவில் அவர் பெயரிலும் செம்பூரில் அந்த அம்மாளின் பெயரிலும் அச்சாகியிருந்தது. அந்த அம்மாள் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே செம்பூருக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து நான் செய்யப் போனதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டுப்பாட்டைத் திரும்பப் போட வேண்டும். ஆனால் இரட்டை எண்கள் இருக்கும் வரை அது ஏறாது. ஆகவே முதலில் இரண்டாவதாக வந்தவர்களுக்கெல்லாம் புதிய எண் கொடுத்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. கட்டளையை எழுதியும் விட்டேன். கோமதி இன்னும் போனில்தான் இருந்தாள், ஸ்பீக்கரில். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். நம்பரை மாற்றிச் சரிசெய்கிறேன் என்றேன்.

"மாத்திட்டா, தப்பான பேப்பரை வாங்கிட்டுப் போனவங்க யாரு யாருன்னு பொறவு எப்படி மேடம் தெரியும்?"

கையை எடுத்துவிட்டேன்.

அவள் கேட்டது சரி. அந்தக் கட்டளையை ஓட்டியிருந்தால் தரவுத்தளம் சுத்தமாகியிருக்கும். எந்த எண்ணில் யார் யார் மோதிக்கொண்டார்கள் என்ற தடயமும் அதோடு போயிருக்கும். பதற்றத்தில் எனக்கு டேபிளைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு ஆட்கள் தோன்றினார்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் எது என்று கேட்டால், பிரிண்டர் பிரச்சினைக்குப் போன் செய்கிற பெண் கேட்ட அந்த ஒரு கேள்வி என்றுதான் சொல்வேன்.

எதையும் மாற்றாமல், இருப்பதை இருந்தபடியே நகலெடுத்துப் பட்டியல் போட்டேன். ஒன்பது எண்கள், பதினெட்டுப் பேர். அதில் பதினாறு பேர் வழக்கமான ரத்தச் சோதனைக்கு வந்தவர்கள். பாதிப் பேரின் தாள்கள் கவுண்ட்டரிலேயே இருந்தன. மற்றவர்களைப் போனில் கூப்பிட்டு மறுபடி வரச் சொல்ல ஆட்களை உட்கார வைத்தார்கள். மீதி அந்த இரண்டு பேர்.

அதற்குள் எங்கள் மேலாளர் வந்துவிட்டார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பதினேழு சிவப்பு வரிகளையும், அவற்றைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போனதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் இப்போது எங்கே என்று கேட்டார். அந்த அம்மாளின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை என்றேன். சுயம்புலிங்கத்தின் போன் அணைந்திருக்கிறது. அவர் நாளைக்கு ஊருக்குப் போகப் போவதாகக் கோமதி சொல்கிறாள், போனால் ஒரு மாதம் ஆகும் திரும்ப.

"எழுந்திரு. இதை நான் பாத்துக்கறேன்," என்றார். நான் நகரவில்லை. இதை நானே சரிசெய்ய வேண்டும் என்று இருந்தது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இதைச் சரிபண்ணத் தெரிஞ்சவா ஆபீஸ்ல நாலு பேர் இருக்கோம். அந்த ரெண்டு பேர்கிட்ட போய் நிக்க வேண்டியவ நீ ஒருத்திதான்."

டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். சுயம்புலிங்கத்திடம் நோயைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லாதே, அதை நான் சொல்ல வேண்டும். தாள் மாறிவிட்டது என்று மட்டும் சொல்லி இன்றைக்கே அழைத்து வா. அந்த அம்மாள் போனை எடுத்தால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு.

டாக்சியில் மாட்டுங்கா போய்க் கோமதியை ஏற்றிக்கொண்டேன். தாராவிக்குள் நுழையும் வரை நான் மனதுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சின்னதாக இன்னொரு டெஸ்ட் பாக்கி, அதற்காக வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதில் என் பெயரும் வராது, அவரும் பயப்பட மாட்டார். கோமதியிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம் மேடம். நான் நாளைக்கும் அந்தத் தெருவுலதான் இருக்கணும்," என்றாள்.

டாக்சி போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். சுயம்புலிங்கத்தின் தையல் கார்கானா ஒரு மாடியில் இருந்தது. இரும்பு ஏணி மாதிரி செங்குத்தான படி. மேலே ஆறு தையல் இயந்திரங்கள், தோல் வாடை, மின்விசிறிச் சத்தம். பள்ளிப் பைகள், ஆபீஸ் பைகள் எல்லாம் தைக்கிற இடம். சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான ஆள். கழுத்தின் இடப்பக்கம் கட்டி தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். ஒரு ஸ்டூலில் கிடந்த தோல் துண்டுகளைத் தள்ளி எனக்கு இடம் செய்தார். கோமதியிடம் என்ன இந்த நேரத்தில் என்று விசாரித்தார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு மனைவி முன்னாலேயே போய்விட்டாள், இந்தக் கட்டி விவகாரம் தெரியாமல் தன்னால் போக முடியவில்லை, நேற்றுத்தான் நிம்மதி கிடைத்தது, கல்யாணம் இன்றைக்கு முடிந்தாலும் மறுவீட்டு விருந்துக்காவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

அந்தத் தாளைப் பார்த்ததும் என் பொய் வாயில் வரவில்லை.

"அந்தப் பேப்பர் உங்களோடது இல்லை. நம்பர் மாறிடுத்து. கம்ப்யூட்டர் மாத்தலை, நான்தான் ஒழுங்கா பாக்காம விட்டேன். உங்க பேப்பர் டாக்டர்கிட்ட இருக்கு. இன்னைக்கே நீங்க அவரை வந்து பாக்கணும்," என்றேன்.

பக்கத்து இயந்திரக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். சுயம்புலிங்கம் தாளைப் பிரித்து, அதில் தன் பெயர் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் படிக்கத் தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் பெயர்தானே போட்டிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். பெயர் உங்களுடையது, உள்ளே இருப்பது வேறு ஒருவருடையது என்றேன். அப்படியானால் தனக்கு இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர்தான் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்ல உரிமை இல்லை என்றேன். ஆனால் நாளைக்கு ரயில் ஏற வேண்டாம் என்றும் சொன்னேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்து என்னிடம் நீட்டினார்.

"இது யாருக்கு உள்ளதோ, அவுக கையில இப்பம் என்னோடதுல்லா இருக்கும்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவுக என்ன பாடு படுதாகளோ. மொதல்ல அவுகளுக்குச் சொல்லுங்க. நான் இங்கனதான இருக்கேன்."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே அந்த அம்மாளின் எண்ணை மறுபடி அழுத்தினேன். இந்த முறை எடுத்தார். நான் யார், என்ன நடந்தது என்று சொன்னேன். தாள் மாறியது என் தவறால், டாக்டர் உங்களுடையதை இரண்டாம் முறையும் பார்த்துவிட்டார், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். காலையிலிருந்து அடுப்பை மூட்டவில்லை என்றார். வெளிநாட்டில் இருக்கும் மகனை எழுப்பிச் சொல்லியாயிற்று, அவன் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார். இதற்கு நான் எந்த வார்த்தை சொன்னாலும் போதாது என்றார். நடுவில் குறுக்கிடாமல் கேட்டேன். முடிவில், "இப்ப இது உண்மைன்னு நான் எதை வெச்சு நம்பறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவர் மறுநாள் வேறொரு கூடத்தில் சோதனை செய்துகொண்டார். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. எங்கள் மேல் ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பதில் எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் என்னை மன்னிக்கவில்லை. அவர் கோபம் நியாயமானது என்று மட்டும் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் செம்பூருக்குத் திரும்பினோம். டாக்டர் சுயம்புலிங்கத்தைத் தனியாக உட்கார வைத்து இந்தியில் பேசினார். அவர் கேட்டுக்கொண்டதால் கோமதியும் உள்ளே போனாள். நான் வெளியே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து மூவரும் வந்தார்கள். தைராய்டில் வந்திருக்கிறது, பரவின மாதிரி தெரியவில்லை, அறுவைச் சிகிச்சை வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுயம்புலிங்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனைவிக்குச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை எண்ணை எடுத்தார், இரண்டு தடவையும் அணைத்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்து, "எனக்கு வாய் வரல தாயி. நீங்களே சொல்லிருங்க," என்றார்.

அவர் மனைவியின் பெயர் செல்லக்கனி. பின்னால் மேளச் சத்தம் கேட்டது. ஒதுக்குப்புறமாக வரச் சொல்லிவிட்டு, நேற்று வந்த தகவல் தவறு, இன்றைக்குத்தான் சரியான தகவல் வந்தது, ஆபரேஷன் செய்ய வேண்டும், டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், இந்தக் குழப்பமே என்னால் வந்தது என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். இல்லை. யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"அவுகளுக்கு எழுத்துக் கூட்ட வராது. ஆஸ்பத்திரியில எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டிருவாக. நான் வந்து சேருத வரைக்கும் நீங்க கூட இருங்க," என்றார்.

இருந்தேன். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் அவரோடு நின்றேன். படிவங்களை நான் படித்துச் சொன்னேன், அவர் கையெழுத்துப் போட்டார். ரத்தம் எடுத்த இடத்தில் அவர் பெயரையும் எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்ததில் அங்கிருந்த ஆள் எரிச்சலாகிவிட்டார். சனிக்கிழமை மாலை செல்லக்கனி தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கல்யாணப் பட்டுப் புடவையை மாற்றக்கூட இல்லை. என்னைப் பார்த்து, இதுவரை என்னென்ன ஆயிற்று என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு குற்றச்சாட்டும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. படிவங்கள் இருந்த பையை வாங்கிக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. மற்றபடி நன்றாகத் தேறினார். மூன்று மாதம் கழித்து கார்கானாவுக்குத் திரும்பினார், இன்றைக்கும் பை தைக்கிறார்.

உங்கள் தொழிலுக்கு உதவும் விஷயம் இதில் கொஞ்சம்தான். டேபிளின் பெயரை மாற்றினால் அதன் கட்டுப்பாடுகளின் பெயரையும் மாற்றுங்கள், அல்லது பழையதை வேறொரு தரவுத்தளத்தில் கொண்டு போய் வையுங்கள். ரீஸ்டோர் முடிந்ததும் வரிகளை எண்ணுவது போலக் கட்டுப்பாடுகளையும் எண்ணுங்கள். என் மேலாளர் அன்றைக்குச் செய்தது அதைத்தான். பட்டியல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய டேபிள்களை வெளியே கொண்டு போனார். இரட்டை எண்களை ஒவ்வொன்றாக ஆளோடு பொருத்திப் பிரித்தார். கடைசியில்தான் கட்டுப்பாடுகளைப் போட்டார். பதினேழும் ஏறின. அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதி வைக்கும் அறிக்கையில் 'சர்வர் மாற்றத்தின்போது ஏற்பட்ட கோளாறு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, எச்சரிக்கை வந்தும் இன்னார் கவனிக்கவில்லை என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். மேலாளர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். என்னை அந்த வேலையிலிருந்து மாற்றவும் இல்லை. அடுத்த ரீஸ்டோரையும் எனக்கே கொடுத்தார், ஆனால் பக்கத்தில் இன்னொருத்தரை உட்கார வைத்து. அன்றிலிருந்து நம் அலுவலகத்தில் யாரும் தனியாக ரீஸ்டோர் செய்வதில்லை. ஏன் இப்படி ஒரு விதி என்று நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். காரணம் நான்தான்.

அனுபவம் வர வர, சிவப்பு வரிகளில் எதைப் படிக்க வேண்டாம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதுதான் நம்மை வேகமாக வேலை செய்ய வைக்கிறது, அதுவே ஒரு நாள் கவிழ்த்தும் விடுகிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. சந்தேகம் வந்தால் அந்த வரியைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே இருக்கிறது என்று நான் அன்றைக்கு ஒரு ஆளிடம் படித்துக் காட்டியிருந்தால், எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருப்பார்.

சுயம்புலிங்கத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு. செல்லக்கனிக்கு இப்போது மூட்டு வலி, அந்த வரிசைகளில் நிற்க முடியாது. "நீங்க போனாத்தான் டாக்டர்கிட்ட கேள்வி கேப்பீக," என்று என்னிடம் விட்டுவிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை போக வேண்டும். காலை எட்டரைக்கு சயான் ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சுயம்புலிங்கம் சொல்லியிருக்கிறார். ஆகவே அன்றைக்கு நீங்கள் யாரும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், பூட்டியிருக்கும்.